எரியும் என்று சொன்னவர்

நான் முதல்முறை அந்த ஷெட்டுக்குள் நுழைந்தபோது, "வாங்க" என்று சொல்வதற்கும் முன்னால் அந்த அக்கா கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். டீ போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் மாமனார் ஒரு படி மேலே போய், "எனக்குச் சக்கரை கம்மியாம்மா," என்றே சொல்லிவிட்டார்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து இரண்டு மரக்குச்சிகளை எடுத்தார். இரண்டும் அடிஸ்கேல் நீளம்; ஒரே மரம், ஒரே நிறம். ஒன்றை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினார். பிடித்துக்கொண்டது. அடுப்பை விட்டு வெளியே எடுத்த பிறகும் தீவட்டி மாதிரி எரிந்தது. அதை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு, மருந்து ஏற்றிய இரண்டாவது குச்சியைக் காட்டினார். "ஒந்து, எரடு, மூரு" என்று உதட்டுக்குள் கன்னடத்தில் எண்ணினார். பக்கத்தில் செல்போனில் விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் எண்ணினார். குச்சி கறுத்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு சுடர் எழுந்தது. வெளியே எடுத்ததும் அது தானாக அடங்கிப்போனது.

மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்ப இது எரியாது!"

"எரியுமுங்க," என்றார் அக்கா.

"இப்ப எரியலையேம்மா?"

"கறுத்திருக்குது பாருங்க. அது எரிஞ்சதுதான். மெதுவா எரியும். ஒரு பலகையில புடிச்ச தீ அடுத்த பலகைக்குச் சட்டுனு ஓடாது. ஆளுங்க வெளிய வர்றதுக்கு நேரம் கெடைக்கும். அவ்ளோதான் நான் சொல்ல முடியும்."

"தருமபுரியில ஒரு கடைக்காரரு 'எரியாத மரம்'னே போர்டு போட்டு வெச்சிருக்காரு."

"அப்ப அங்க போயி, இதே மாதிரி அடுப்புல காட்டச் சொல்லுங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஜீப்பில் ஏறியும் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் பொம்பளைக்கு யாவாரமே பண்ணத் தெரியல" என்று பாப்பாரப்பட்டி சந்தை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தவர், சந்தை முனையில், ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரின் முதுகில் தட்டி, "வண்டியத் திருப்புடா," என்றார். ஷெட்டுக்கே திரும்பினோம்.

நான்கைந்து வருடத்துக்கு முந்தைய கதை இது. அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை வந்துவிட்டது. அக்கா ஓசூர்ப் பக்கம் பெரிய இடமாகப் பார்த்துப் போய்விட்டார். நான் இன்னும் அதே மலையில், அதே ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காட்டை ஒட்டிய எங்கள் நிலத்தில் சில்வர் ஓக் மரங்களும், அவற்றின்மேல் படர்ந்த மிளகும், கீழே கொஞ்சம் காப்பியும் உண்டு. வீட்டில் மூன்றே பேர்: மாமா, என் கணவர், நான்.

எங்கள் பழைய வீடு புல் வேய்ந்தது. ஒரு கோடையில் காட்டுத்தீ ஏறி வந்தபோது, எல்லோரும் ஓடிய பிறகும் மாமா ஈரச்சாக்கோடு வீட்டின்முன் நின்றார். கூரை இறங்கிய பிறகுதான் விலகினார். வீடும் போய், இடது கையும் வெந்தது. இன்றைக்கும் அந்தக் கையின் மூன்று விரல்கள் முழுசாக மடங்காது. அதன்பிறகு கல் வீடு கட்டலாம் என்றால், செங்கல்லும் மணலும் ஏற்றிய வண்டி எதுவும் எங்கள் பாதையில் ஏறாது. என் கணவரின் ஜீப் ஏறுவதே பெரிய விஷயம். எங்கள் மரமே எங்களிடம் இருந்தது. அந்த மரத்துக்குத் தீயைத் தாங்க மருந்து ஏற்றித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த ஷெட்டைத் தேடிப் போனோம்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். "இருக்கலாம்" என்று நான் எழுதுவதைப் பார்த்தால் அவர் திருத்துவார். தோராயம் அவருக்கு ஆகாது. போன் செய்து, "எங்கக்கா வர்றீங்க?" என்று கேட்டால், மற்றவர்களைப் போல "அஞ்சு நிமிசத்துல" என்று சொல்லமாட்டார். "இன்னும் கெளம்பவே இல்ல டீச்சர். சீல கட்டணும். நாப்பது நிமிசம் ஆகும்," என்பார். நாற்பதாவது நிமிடம் வந்து நிற்பார். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுந்தால், "கொழம்பு எப்படி?" என்று நான் கேட்கக் கூடாது. ஒருமுறை கேட்டேன். "கத்திரிக்கா நல்லா வெந்திருக்குது," என்றார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாமா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவருடைய மகளைப் பெண் பார்க்கப் பொம்மிடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு நல்லா சமைக்குமுங்களா?" என்று கேட்டார். அக்கா யோசித்தார். "ரசம் நல்லா வெப்பா. சாம்பார் வராது. அவசரப்படுத்துனா உப்பு மறந்துருவா." நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறகு அக்காவின் முறை. மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்களுக்குக் கோவம் வருமுங்களா?" என்றார்.

"வரவே வராதுங்க," என்றார் மாப்பிள்ளை, அழகாகச் சிரித்துக்கொண்டு.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. பலகாரத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். அந்தப் பையன் கெட்டிக்காரன். என்ன புரிந்ததோ, "பசிச்சா வரும்ங்க. அப்புறம் கிரிக்கெட் பாக்கும்போது யாராச்சும் டிவிய மறைச்சா வரும்," என்றான்.

"சரி. இந்த எடம் முடிச்சிரலாம்," என்றார் அக்கா. முடிந்தது. இப்போது இரண்டு பேரப்பிள்ளைகள்.

அவரோடு ஒருமுறை மாரியம்மன் கோவில் தீமிதிக்குப் போனேன். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்க, இவர் குண்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று திரும்பும்போது கேட்டேன். "எங்க வேண்டுனேன்? புளியங்கட்டக் கரி எவ்ளோ நேரம் நிக்குது பாத்தீங்களா டீச்சர்!" என்றார். கண்ணெல்லாம் மின்னியது.

எங்கள் மரத்தை அறுத்து, பலகையாக்கி, நிழலில் அடுக்கி உலரவிட்டு, ஜீப்பில் நடை நடையாகக் கீழே இறக்கினோம். ஷெட்டின் பின்பக்கம் தண்ணீர் லாரியின் டேங்க்கைப் படுக்கவைத்தது போல ஓர் இரும்பு உருளை. பலகைகளை அதற்குள் தள்ளி மூடி, முதலில் மரத்துக்குள் இருக்கும் காற்றை மோட்டார் வைத்து உறிஞ்சி எடுப்பார். பிறகு மருந்துத் தண்ணீரை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றுவார். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை யாரிடமும் மறைக்கமாட்டார். பயிருக்குப் போடும் உர வகையில் ஒன்று, தட்டார்கள் பொன் உருக்கச் சேர்க்கும் வெங்காரம், கேரம் போர்டில் தூவுகிற பவுடர். எங்கள் ஊரில் இதைக் கேட்டுவிட்டு, "உரத்தண்ணி குடிச்ச மரமாமே! மழ பேஞ்சா வூடு தழைஞ்சிரப் போவுது!" என்று மாமாவைக் கேலி செய்தார்கள்.

மருந்து ஏறும் முன்பும் பின்பும் ஒவ்வொரு பலகையையும் தராசில் வைத்தார். எடை கூடாத பலகைகளைத் தனியே தூக்கிப் போட்டார். பதினான்கு பலகை.

"இதெல்லாம் குடிக்கல," என்றார்.

"அதுவும் நல்ல மரந்தானேம்மா?" என்று மாமா பதறினார். அவர் கையால் நட்ட மரம்.

"நல்ல மரந்தானுங்க. கட்டில் செஞ்சுக்குங்க. செவுத்துக்கு வேணாம்."

கட்டில் செய்துகொண்டோம்.

தகரக் கூரையோடு வீடு எழுந்தது. புதுமனைப் புகுவிழா அன்று பந்தியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "இனிமே எந்தத் தீ வந்தாலும் இந்த வூட்டுக்குக் கவலையில்ல," என்று வாழ்த்தினார். கைதட்டல் அடங்குவதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "கவல இருக்குதுங்க!" இலையிலிருந்து கையை எடுக்காமலே தொடர்ந்தார். "அந்தச் செவுத்தோரம் வெறகு அடுக்கி வெச்சிருக்கீங்க. அத எடுக்கணும். கூரை மேல சருகு சேரவிடக் கூடாது. வூட்டச் சுத்திப் புல்லு இருக்கக் கூடாது. தீ வந்தா எல்லாரும் வண்டியேறிரணும். ஒருத்தரும் உள்ள நிக்கக் கூடாது." பிறகு பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். வாழ்த்திய பெரியவர் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அன்று சாயங்காலமே மாமா முணுமுணுத்துக்கொண்டே விறகை எடுத்து, முப்பது அடி தள்ளி அடுக்கினார்.

அந்த வருடம் நல்ல மழை. கார்த்திகை முடிந்து வானம் வெளுத்ததும் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், அக்கா என் கணவரின் ஜீப்பில் மேலே வந்து இறங்கினார். கையில் ஒரு பை. பைக்குள் சின்ன கேஸ் அடுப்பு. வீட்டின் நான்கு பக்கமும் நடந்தார். சாரல் நேராக அடிக்கிற மேற்குச் சுவரின் அடிப்பலகையிலிருந்து உளியால் ஒரு சிம்பைச் சீவி எடுத்து, வாசலில் உட்கார்ந்து, அடுப்பில் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

எடுத்ததும் அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. அக்கா எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

இன்னொரு சிம்பு எடுத்தார். அதுவும் எரிந்தது. கிழக்குச் சுவரில் எடுத்தது மட்டும் சொன்னபடி அடங்கியது.

"மழ கழுவிட்டுப் போயிருச்சுங்க," என்றார். "தண்ணி உள்ள போவாம இருக்க மேல ஒரு பூச்சு குடுத்தேன் இல்ல, அது ரெண்டு கை போதும்னு நெனச்சேன். போதல. பலகையோட வெட்டுமொனையில சரியா அடிக்கவும் இல்ல. என் தப்பு."

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. ஊரெல்லாம் பெருமை அடித்து வைத்திருந்தார். "இப்ப ஊர்ல என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சிக்கிறது? நீ வந்து சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா!"

"அதுக்காவத்தானுங்க வந்தேன்."

மாமா தோட்டத்துக்குள் போய்விட்டார்.

மறுநாளே ஆட்கள் வந்து மேற்குச் சுவரைக் கழற்றி இறக்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் சுவருக்குப் பதில் தார்ப்பாய்தான். மார்கழிக் காற்றில் அது படபடவென்று அடிக்க, நாங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தோம். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று தார்ப்பாயைத் தள்ளிக்கொண்டு வந்து என் விடைத்தாள்களில் பாதியைத் தின்றுவிட்டது. மாமா அக்காவை வாய் ஓயாமல் திட்டினார். ஆனால் ஆட்கள் மரத்தைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு வெட்டுமுனையும் பூச்சு வாங்கியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவரும் அவரே. மேற்குப் பக்கம் கூரையையும் இரண்டு அடி நீட்டித் தகரம் இறக்கினார்கள். இனிமேல் சாரல் சுவரில் நேராக விழாது.

அக்கா எங்கள் வீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதுவரை மரம் கொடுத்திருந்த மற்ற ஐந்து வீடுகளுக்கும் அடுப்புப் பையோடு போனார். இரண்டு வீட்டில் இதே கதை. அதெல்லாம் முடியும்வரை புது வேலை எதுவும் எடுக்கவில்லை. ஒகேனக்கல் பக்கம் விடுதி கட்டுகிற ஒருவர் பத்துக் குடில்களுக்கு மரம் கேட்டிருந்தார். அவருக்கும் போன் செய்து, நடந்ததைத் தானே சொல்லிவிட்டார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, 'எரியாத மரம்' போர்டு வைத்த கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "யாருக்கும் சொல்லாமயே சரி பண்ணிக் குடுத்திருக்கலாமேக்கா?" என்றேன்.

"குச்சிய எரிச்சுக் காட்டித்தானே வித்தேன் டீச்சர்," என்றார். "நல்லா வந்தப்ப மட்டும் காட்டிட்டு, இப்ப அடுப்ப ஒளிச்சு வெச்சுக்கறதா?" சொல்லிவிட்டு, ஆடு தின்ற விடைத்தாள்களைப் பற்றிக் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்கடுத்த பங்குனிக் கடைசியில் தீ வந்தது.

பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கீழ்ச்சரிவில் புகை. முதலில் ஒற்றை இழையாக எழுந்து, காற்று திரும்பியதும் சரிவு முழுக்க மஞ்சளாகப் பரவியது. காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும் வெடிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. ஜீப் பாதை மலையின் மறுபக்கம் இறங்குகிறது; என் கணவர் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். முதல் நடையில் பிள்ளைகள். இரண்டாவது நடையில் ஊரின் வயதானவர்கள். மூன்றாவது நடைக்கு வீட்டுக்குப் போனபோது மாமா வாசலில் நின்றிருந்தார். தோளில் ஈரச்சாக்கு.

வெந்த அந்தக் கையைப் பார்த்தேன். "மாமா, வந்துருங்க," என்றேன். என் கணவர் வண்டியை விட்டு இறங்கினார், தூக்கிக்கொண்டாவது வந்துவிடலாம் என்று.

அதற்கு வேலை இருக்கவில்லை. மாமா சாக்கைக் கீழே போட்டார். சன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார். கேஸ் சிலிண்டரைத் தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்தார். கதவைப் பூட்டினார். தானே ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் புகை மலையை மூடிக்கொண்டிருந்தது. பாதி இறக்கத்தில் மாமா பேசினார். "எரியாதுன்னு மட்டும் அந்தம்மா சொல்லியிருந்தா, நான் உள்ள தாப்பாப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்டா." மறுபடியும், "சத்தியமா உக்காந்திருப்பேன்," என்றார்.

என் கணவர் கியரை மாற்றினார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

வனத்துறை ஆட்களும் எங்கள் ஊர்ப் பையன்களும் பச்சைக் கிளைகளால் அடித்தும், புல்லைச் செதுக்கிக் கோடு போட்டும் சாயங்காலத்துக்குள் தீயை ஊருக்குள் ஏறவிடாமல் மடக்கினார்கள். காற்றும் விட்டுக்கொடுத்தது. மறுநாள் காலையில்தான் மேலே போகவிட்டார்கள்.

எங்கள் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் சாம்பல். மாட்டை முதல்நாளே அவிழ்த்துவிட்டிருந்ததால் அது தப்பியது. தள்ளி அடுக்கிய விறகு முழுதும் கரி. தண்ணீர்க் குழாய் மெழுகு மாதிரி உருகிச் சுருண்டிருந்தது. நடுவில் வீடு நின்றது. மேற்குச் சுவர் அடியிலிருந்து சன்னல்வரை கறுத்திருந்தது, ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாமா கதவைத் திறந்து உள்ளே போனார். மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் மடங்காத அந்தக் கையை விரித்து வைத்தார். பலகை வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. அப்படியே நின்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அக்கா என் கணவரின் அடுத்த நடையில் வந்தார். ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. "தீயே அண்டலையே!" என்றார் ஒருவர். "மந்திரம் போட்ட வூடு!" என்றார் இன்னொருவர். அவர் கும்பலை விலக்கிக்கொண்டு போய்க் கத்தியால் கரியைச் சுரண்டினார். நல்ல மரம் தெரியும்வரை சுரண்டி, விரலை வைத்து அளந்து, நான்கைந்து இடத்தில் பார்த்தார்.

"வெரக்கடையில பாதி போயிருக்குதுங்க," என்றார் மாமாவிடம். "இந்த மூணு பலகைய மாத்திரணும்."

"மாத்திரலாம்," என்றார் மாமா.

"கண்ணாடியும்."

"மாத்திரலாம்மா. உள்ள வா. மொதல்ல தண்ணி குடி."

உள்ளே வந்து சொம்பை வாங்கினார். பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது. "நேத்துப் பொகையப் பாத்ததுல இருந்து கண்ணே மூடல டீச்சர்," என்றார். "சரியா வந்திருக்குமா, வந்திருக்குமான்னு… அந்தக் கையோட இவரு மறுபடியும் நின்னுட்டா என்ன பண்றதுன்னு…" முடிக்காமல் சுவரோரம் உட்கார்ந்தார். "கொஞ்ச நேரம் இங்கயே படுத்துக்கட்டுங்களா?"

பாய் எடுக்க நான் உள்ளறைக்குப் போய்த் திரும்புவதற்குள், வெறுந்தரையில், பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். லேசான குறட்டை.

அன்று முழுக்க மலையின் மற்ற ஊர்களிலிருந்து ஆட்கள் வீட்டைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். மாமா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே எட்டிப் பார்க்க வந்தவர்களை எல்லாம் உதட்டில் விரல் வைத்து நிறுத்தினார்.

"செவுத்த வெளிய நின்னு பாத்துக்குங்க. உள்ள ஆள் தூங்குது."

"யாருங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் ஒருவர்.

"எங்க வூட்டாளுதான்," என்றார் மாமா.